தோட்டப்புறத்திலிருந்து தொடங்குங்கள்: கத்தோலிக்க ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியா, சிங்கப்பூர், புருணை கத்தோலிக்க ஆயர் பேரவையின் மதிப்பிற்குரிய ஆயர்களுக்கும், இந்நாட்டில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எழுப்பிய துறவற சபைகளின் அருட்சகோதரர்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். மலேசியாவில் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும். அதன் முதல் வளாகம் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ எழாமல், எங்கள் ஊரைப் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில் எழ வேண்டும். முதலில் இரண்டே துறைகள் போதும். ஒன்று தாதிமை, மற்றொன்று பாலர்பள்ளி ஆசிரியர் படிப்பு. மற்றவை பிறகு வரட்டும்.

இதைக் கேட்பவள் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. முருகன் படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டு விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு)க் கிளம்பிய குடும்பம் எங்களுடையது. அம்மா பால்மரம் வெட்டினார். அப்பா உரம் போட்டார், மருந்தடித்தார், பிறகு செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்ததும் குலை தள்ளினார். நான் ஈப்போவில் கான்வெண்டில் படித்தேன், தாதியானேன், அரசாங்க மருத்துவமனைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டிலிருந்து அந்த வேலைக்கு நான் வந்து சேர்ந்த வழியில் பாதியை அமைத்துக் கொடுத்தவர்கள் சிஸ்டர்கள். கட்டணம் கட்ட முடியாத மாதங்களில் என் பெயரை வகுப்பில் வாசிக்காமல், அம்மாவைத் தனியே அழைத்துப் பேசியவர்கள் அவர்கள். ஆங்கிலத்தில் திக்கித் திணறிய தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளி முடிந்த பிறகும் இருக்கச் சொல்லி வாசிக்க வைத்தவர்கள். ஜெபம் சொல் என்று என்னை யாரும் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அந்த நன்றியோடும் உரிமையோடும்தான் எழுதுகிறேன்.

இந்த மண்ணில் உங்கள் கல்விப் பணி எவ்வளவு பழையது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. சயாமின் அயூத்தியாவில் 1665இல் தொடங்கிய குருமடம் 1808இல் பினாங்குக்கு வந்தது. இந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் கனவில்கூட இல்லாத அந்தக் காலத்தில், பினாங்குத் தீவில் ஆசியாவின் பல நாட்டு இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் தத்துவமும் இறையியலும் படித்தார்கள். 1852இல் லா சால் சகோதரர்களும் குழந்தை இயேசு சபைக் கன்னியரும் அதே தீவில் பள்ளி தொடங்கினார்கள். பிறகு ரயில் பாதையும் ஈயமும் ரப்பரும் போன வழியெல்லாம் அவர்களும் போனார்கள். தைப்பிங், கோலாலம்பூர், சிரம்பான் என்று ஊர் ஊராகப் பள்ளிகள் எழுந்தன. எங்களுக்கு அருகே ஈப்போவில் கான்வெண்ட் 1907இலும் செயின்ட் மைக்கல் பள்ளி 1912இலும் வந்தன.

அந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களே மிகுதி. இந்த நாட்டின் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், அமைச்சர்கள், தலைமையாசிரியர்கள் என எத்தனையோ பேருக்கு அங்கேதான் தொடக்கம். ஆனால் அந்தப் பயணம் பள்ளியின் கடைசி வகுப்புகளான ஐந்தாம் படிவத்தோடும் ஆறாம் படிவத்தோடும் நின்றுவிட்டது. நாடு விடுதலை பெற்ற பிறகு மிஷன் பள்ளிகள் அரசின் முழு உதவி பெறும் பள்ளிகளாயின, பாடத்திட்டமும் ஆசிரியர் நியமனமும் அமைச்சின் கைக்குப் போயின, துறவிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. அதற்கான காரணங்களில் பல உங்கள் கையில் இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் குருமடம் வந்து 200 ஆண்டுகளுக்கு மேலான பிறகும் மலேசியாவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

மற்ற நாடுகளில் இதே சபைகள் என்ன செய்தன என்று பாருங்கள். லா சால் சகோதரர்கள் மணிலாவில் 1911இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஈப்போவில் அவர்கள் தொடங்கியதற்கு ஓராண்டுதான் முந்தையது. அந்தப் பள்ளி கல்லூரியாகி, 1975இல் பல்கலைக்கழகமாகி, இன்று அந்நாட்டின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றாக நிற்கிறது. அதே மணிலாவில் தொமினிக்கன் துறவிகளின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1611இலிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டில் இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்த புனித வளனார் கல்லூரியில்தான் இராமேசுவரத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அப்துல் கலாம் இயற்பியல் படித்தார். பாளையங்கோட்டையில் 1923இலும் சென்னையில் 1925இலும் அதே சபையின் கல்லூரிகள் எழுந்தன. நம் நாட்டிலிருந்து கப்பலேறி அங்கே போய்ப் படித்துத் திரும்பிய தமிழர்கள் ஒரு தலைமுறையே உண்டு. வசதி இருந்தவர்கள் போனார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் போகவில்லை.

நான் மிகவும் உன்னிப்பாகப் படித்தது ஆஸ்திரேலியாவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கதை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் கேட்பது அங்கே ஏற்கெனவே நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1842இல் சொரின் அடிகளார் தொடங்கிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, அதன் துணையோடு எழுந்தது இது. மேற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 1989இல் தனிச் சட்டம் இயற்றி இந்தத் தனியார் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை நிறுவியது. 1991 ஜூலையில் திறப்பு விழா. 1992இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். பெர்த் நகருக்கு அருகிலுள்ள ஃபிரிமாண்டில் துறைமுகத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய கிடங்குகளையும் தங்கும் விடுதிகளையும் வணிகக் கட்டடங்களையும் ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு வகுப்பறையாக்கினார்கள். தனி மதிற்சுவர் இல்லை. நகரமே வளாகம், வளாகமே நகரம். மாணவர்கள் தெருவைக் கடந்து ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போகிறார்கள். சுங்கை சிப்புட்டின் பழைய கடை வீடுகள் மாடி பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு ஃபிரிமாண்டில் நினைவுக்கு வருகிறது.

அங்கே ஆசிரியர் கல்வி முதலில் வந்தது. பிறகு கலை, வணிகம், சட்டம், தாதிமை, இயன்முறை மருத்துவம் என்று துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. மருத்துவப் பள்ளி 2005இல் ஃபிரிமாண்டிலிலும், சிட்னி வளாகம் 2006இல் திறந்த பிறகு 2008இல் அங்கும் வந்தது. சிட்னியின் மருத்துவ மாணவர்கள் கன்னியர் கட்டிய செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள். எந்தத் துறையில் சேர்ந்தாலும் தத்துவம், அறவியல், இறையியல் ஆகியவற்றில் சில பாடங்கள் எடுத்தாக வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வடிகட்டாமல் விண்ணப்பதாரரை அழைத்து நேரில் பேசிச் சேர்க்கும் வழக்கம் அங்கே உண்டு. மதிப்பெண் போதாதவர்களுக்கு முன்பயிற்சிப் படிப்பும் உண்டு. தனியார் நிறுவனமாக இருந்தாலும் ஆசிரியர், தாதியர் போன்ற படிப்புகளில் அரசு உதவி பெறும் இடங்களும் இருக்கின்றன.

ஆனால் என் மனத்தைத் தொட்டது ஃபிரிமாண்டிலோ சிட்னியோ அல்ல. புரூம்.

புரூம் என்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், பெர்த்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் கிம்பர்லி வட்டாரத்தில் இருக்கும் சிறிய கடற்கரை ஊர். முத்துக் குளிப்பால் உருவான ஊர். ஜப்பானியரும் மலாய்க்காரர்களும் பிலிப்பினோக்களும் கூலிகளாகக் கப்பலேறிப் போய் அங்கே கடலுக்குள் மூழ்கினார்கள். மூச்சடைத்தும் புயலில் சிக்கியும் இறந்தவர்களின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான எங்களுக்கு அந்த ஊரின் கதை அந்நியமாகப் படவில்லை. சுற்றுவட்டாரத்தில் பழங்குடி மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வயதுகூட ஆகாத 1994இல், கையில் பணம் புரளாத அந்தக் காலத்திலேயே, நோட்டர் டேம் தன் இரண்டாவது வளாகத்தைப் புரூமில் திறந்தது. சிட்னி அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. பணக்கார நகரத்துக்கு முன்னால் பழங்குடி மக்களின் ஊருக்குப் போனார்கள். இந்த வரிசை முறை தற்செயலானது என்று நான் நம்பவில்லை.

அங்கே எடுத்த எடுப்பில் பட்டப்படிப்பைத் திணிக்கவில்லை. வகுப்பறை உதவியாளராக வேலை செய்யும் ஒரு பழங்குடித் தாய் முதலில் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம். அது முடிந்தால் அடுத்த படி, முடிந்தால் ஆசிரியர் பட்டம். தாதிமையிலும் அப்படியே. ஊரை விட்டுப் போகாமல், பிள்ளைகளைப் பிரியாமல் படிக்க முடிகிறது. பழங்குடியினருக்கும் மற்ற ஆஸ்திரேலியருக்கும் இடையே நல்லிணக்கம் வளர்ப்பதைத் தன் தலையாய கடமையாகப் புரூம் வளாகம் ஏற்றிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன கொடுமை அந்த நாட்டில் நடந்தது, கிறிஸ்தவ மிஷன்களும் அதில் பங்கு பெற்றன. அந்தப் பாரத்தோடுதான் அவர்கள் அங்கே வகுப்பு நடத்துகிறார்கள். உங்கள் பணியின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டி உங்களைக் கரைக்க நான் விரும்பவில்லை, ஆகவே இதையும் சொல்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் நினைவூட்டுகிறேன். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990 ஆகஸ்ட் 15 அன்று ஓர் ஆவணம் வெளியிட்டார். உயர்கல்வி வழக்கமாக யாருக்கு மறுக்கப்பட்டு வந்ததோ, அந்த ஏழைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் அதை எட்டும்படி செய்வது கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று அதன் 34ஆம் பத்தி சொல்கிறது. மலேசியாவில் ஏழைகளாகவும் சிறுபான்மையினராகவும் ஒருசேர இருப்பவர்கள் யார் என்று கேட்டால், நான் கை நீட்டிக் காட்டுவது எங்கள் தோட்டத்து மக்களைத்தான்.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டின் வரலாற்று நூல்களில் சுங்கை சிப்புட் ஒரே ஒரு காரணத்துக்காக இடம்பெறுகிறது. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அதற்கு அருகிலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் பிறந்தது. எங்களுக்கு ஊர் என்றால் வேறு நினைவுகள். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. அவர் கடல் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பினார். 1954இல் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார், நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளர் நடுத்தெருவுக்கு வந்தபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டு, தொழிலாளரின் மாதச் சந்தாவிலேயே தோட்டம் வாங்கிக் காட்டினார். லயத்தில் இருந்தவர்கள் ரிங்கிட் ரிங்கிட்டாகச் சேர்த்து முதலாளியாக முடியும் என்று நிரூபித்த ஊர் இது. பல்கலைக்கழகம் மட்டும் எட்டவில்லை.

இன்று டோவன்பி, ஹீவுட், எல்பில் என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வேலை செய்பவர்களில் வெளிநாட்டவர் நிறைய. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் தேவை குறைந்தது, எங்கள் மக்கள் வெளியேறினார்கள். மலிவு விலைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தார்கள். தோட்டத்தில் இருந்தபோது சம்பளம் குறைவாக இருந்தாலும் லயம் இருந்தது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் (மருத்துவ உதவியாளர்) இருந்தார், கோயில் இருந்தது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்தது. வெளியேறியவர்களுக்கு இவற்றில் ஒன்றும் கூட வரவில்லை. பையன்கள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் சிங்கப்பூருக்கோ பினாங்கு ஆலைகளுக்கோ போகிறார்கள். சிலர் எங்கும் போகாமல் தெருமுனையில் நிற்கிறார்கள், அவர்களைத் தேடி யார் வருகிறார்கள் என்பது உங்கள் பங்குத்தந்தையர்களுக்கும் தெரியும். பெண்பிள்ளைகளில் நன்றாகப் படிப்பவர்கள்கூட கோலாலம்பூரில் தங்கிப் படிக்க வேண்டும் என்றதும் தயங்குகிறார்கள். 200 கிலோமீட்டருக்கு மேல். அறை வாடகை, சாப்பாடு, பெண்ணைத் தனியே அனுப்பும் பயம். படிப்புக்குக் கடன் கிடைத்தாலும் இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

தாதிமையை நான் முதலில் சொன்னது சொந்தத் தொழில் மீதுள்ள பாசத்தால் மட்டும் அல்ல. தோட்டத்துப் பெண்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர், தாதி என்ற இரண்டும்தான் அவர்கள் கண்ணால் பார்த்த உத்தியோகங்கள். அந்த ஆசையை வைத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். தனியார் தாதியர் கல்லூரிகள் புற்றீசலாகப் பெருகிய காலத்தில், எங்கள் தாமானுக்கு ஒரு கல்லூரியின் ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனுக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது வரை எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அங்கே சேர்ந்தாள். மூன்றாண்டு முடிந்து என்னிடம் வந்தபோது நோயாளியைப் படுக்கையில் புரட்டிவிடக் கை நடுங்கியது அவளுக்கு. அவளுடைய குற்றம் அதில் ஒன்றும் இல்லை. போதிய நாள்கள் வார்டில் நிற்க வைக்காமலேயே படிப்பை முடித்திருந்தார்கள். வேலை கிடைக்கவில்லை. கடன் மட்டும் அவள் பெயரில் நின்றது. பிறகு ஒரு பேரங்காடியில் காசாளராகப் போனாள். இன்றும் அவளைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ஒரு தாதி உருவாவது வார்டில்தான். காயத்தைக் கழுவுவதும், முதியவரின் முதுகில் படுக்கைப்புண் வராமல் பார்ப்பதும், இறந்தவரின் குடும்பத்திடம் எப்படிப் பேசுவது என்பதும், மூத்த தாதி ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டிய வேலைகள். ஆகவே தாதிமைப் படிப்பு நடத்துபவரிடம் மருத்துவமனை இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் பிரான்சிஸ்கன் கன்னியர் 1954இல் தொடங்கிய அசுந்தா மருத்துவமனை தாதியர் பயிற்சிக் கல்லூரியையும் நடத்திய பெருமைக்குரியது. பினாங்கில் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனை, ஈப்போவில் ஃபாத்திமா மருத்துவமனை. எங்கள் ஊரிலிருந்து ஈப்போ 30 கிலோமீட்டர்தான். சிட்னியில் கன்னியரின் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் கைகோத்தது போல இங்கும் கோக்கலாம். வகுப்பு சுங்கை சிப்புட்டில், வார்டு ஈப்போவில். இதற்கு வானளாவிய கட்டடம் தேவையில்லை. ஆய்வுக்கூடமும், பயிற்சி அறையும், ஒரு பஸ்ஸும், மனம் வைத்த ஆசிரியர்களும் தேவை.

பாலர்பள்ளி ஆசிரியர் படிப்பை ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் பிள்ளைகள் பின்தங்குவது பல்கலைக்கழக வாசலில் தொடங்குவதில்லை. நாலு வயதில் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் பால்மரக் காட்டுக்குப் போகும் தாய்மார் இருட்டோடு இருட்டாகக் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். வயதான ஆயா ஒருவர் தூளியை ஆட்டியபடி அத்தனை பேரையும் பார்த்துக்கொள்வார். அன்பு இருந்தது, கதையும் பாட்டும் இருந்தன, எழுத்து இல்லை. இன்று தாமான்களில் தாய்மார் ஆலைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் பாட்டியோடும் கைப்பேசியோடும் இருக்கிறார்கள். முதலாம் ஆண்டில் சேரும்போது ஒரு வீட்டுப் பிள்ளை வாசிக்கிறது, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கத் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எவ்வளவு உழைத்தாலும் அந்த இடைவெளி ஆறாண்டில் மூடுவதில்லை. தமிழும் மலாயும் ஆங்கிலமும் அறிந்த, குழந்தை உளவியல் படித்த பாலர்பள்ளி ஆசிரியைகள் இந்த வட்டாரத்திலேயே உருவானால், அதே தாமான் பெண்களே அந்த வேலைக்கு வந்தால், பத்தாண்டில் மாற்றத்தைக் காணலாம். உங்கள் பங்குகள் பலவற்றில் ஏற்கெனவே பாலர்பள்ளிகள் இருக்கின்றன. பயிற்சி வகுப்புக்கு அவையே போதும்.

பணி அனுபவத்தைத் தகுதியாக ஏற்று உயர்கல்விக்கு வழிவிடும் முறை, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மலேசியத் தகுதி முகவாண்மையிடம் இருக்கிறது. புரூமில் பழங்குடித் தாய்மாருக்குக் கிடைத்த வாய்ப்பை, குழந்தை பராமரிப்பு நிலையத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்த எங்கள் பெண்களுக்கும் கொடுக்க அது உதவும். அனுமதி, உரிமம், அமைச்சரின் ஒப்புதல், 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டம், தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் ஆகியவற்றை உங்கள் வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் 1998 முதலே இங்கே கிளை வளாகம் நடத்துகின்றன. மணிலாவோ ஃபிரிமாண்டிலோ துணைக்கு வந்தால் முழுச் சுமையும் உங்கள் தோளில் விழாது.

சிறிய ஊரில் பல்கலைக்கழகம் நடக்குமா என்று கேட்பவர்களைக் கம்பாருக்கு அழைத்துப் போங்கள். ஈயம் ஓய்ந்த பிறகு உறங்கிப்போன ஊர் அது. துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் 2007இல் அங்கே வளாகம் திறந்தது. இன்று வாடகை வீடு தேடும் மாணவர்களும் சாப்பாட்டுக் கடைகளும் அச்சகங்களும் நிறைந்து கிடக்கிறது. கெடாவின் பீடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை நம் சமூகமே எழுப்பியது. அதன் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் மருத்துவம் படிக்க வைக்கும் வசதியுள்ள பெற்றோர் வேறு, நான் பேசும் பெற்றோர் வேறு.

இனி, உங்களில் பலர் மனத்தில் ஓடும் கேள்விக்கும் என் சமூகத்தார் வாய்விட்டே கேட்கப்போகும் கேள்விக்கும் வருகிறேன். மதம் மாற்ற வருகிறார்களா? இந்தக் கேள்வியை யாரும் புண்படுத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழை வீட்டுக்கு உதவி வரும்போது அதன் விலை என்ன என்று கேட்பது ஏழையின் உரிமை. என் கருத்தைச் சொல்கிறேன். எல்லா மாணவர்க்கும் கட்டாய இறையியல் பாடம் என்ற நோட்டர் டேம் முறை இங்கே பொருந்தாது. அறவியல் கட்டாயமாக இருக்கட்டும். தாதிக்கும் ஆசிரியைக்கும் அது உயிர்நாடி. அதில் விவிலியத்தின் மலைப்பொழிவும் இருக்கட்டும், திருக்குறளும் இருக்கட்டும், மற்ற சமயங்களின் அறநூல்களும் இருக்கட்டும். கத்தோலிக்க மாணவர்களுக்குத் தனியே இறையியல் வைக்கலாம். விண்ணப்பப் படிவத்தில் உதவித்தொகைப் பகுதியில் மதம் கேட்கும் கட்டம் இருக்கவே கூடாது. இதை முதல் நாளிலேயே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். வளாகக் குழுவில் மற்ற சமயத்தவருக்கும் இடம் கொடுங்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு ஜூலை மாதத்தில் எத்தனை இந்துக்கள் மெழுகுவர்த்தியோடு வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் மக்கள் அன்புக்கு அஞ்சுவதில்லை, மறைமுகமான நிபந்தனைக்குத்தான் அஞ்சுகிறார்கள்.

இதற்கு முன்மாதிரியும் உங்களிடமே இருக்கிறது. ஈழத்தில் பிறந்த கத்தோலிக்கக் குரு சேவியர் தனிநாயகம் அடிகளார் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்க வந்தார். அங்கியோடு வகுப்புக்கு வந்தவர் சங்கப் பாடல்களின் இயற்கையைப் பற்றிப் பேசினார். 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிக் காட்டினார். சைவரும் வைணவரும் முஸ்லிம்களும் அவருடைய மாணவர்கள், அவருடைய நண்பர்கள். அவர் யாரையும் மதம் மாற்ற வந்தார் என்று ஒரு தமிழரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படி ஒரு குரு இந்த நாட்டின் பல்கலைக்கழகத்தில் நின்று தமிழுக்கு உழைத்தார் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிய, அவர் பெயரில் ஒரு நூலகமாவது அந்த வளாகத்தில் இருந்தால் மகிழ்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நாட்டின் திருச்சபையில் தமிழர் விருந்தாளிகள் அல்லர். தோட்டங்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் கூலி வேலை செய்த தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் சம்பளத்தில் காசு கொடுத்துக் கட்டிய தேவாலயங்கள் எத்தனை! மலேசியாவின் முதல் கர்தினால் அந்தோணி சொத்தர் பெர்னாண்டஸ் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை பட்டாணியில் பிறந்தவர். பேராக் மாநிலத்தையும் உள்ளடக்கிய பினாங்கு மறைமாவட்டத்தின் ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ் 2023இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டபோது எங்கள் தெருவில் இந்துக்களும் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி வெறும் இனப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். நம்மில் ஒருவர் உயரத்துக்குப் போயிருக்கிறார், நம் பிள்ளைகளை அங்கிருந்து பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது.

இப்போது என் விண்ணப்பம். ஆயர் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பொருளைப் பேசுங்கள். ஆராய ஒரு சிறு குழு அமையுங்கள். அதில் குருக்களும் கணக்கர்களும் மட்டும் இருந்தால் போதாது. பணியில் இருக்கும் ஒரு தாதி, ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், தோட்டத்தில் இன்னும் வேலை செய்யும் ஒரு பெண் ஆகியோரும் இருக்கட்டும். புரூமுக்கு யாரையாவது அனுப்பி அந்த வளாகத்தைக் கண்ணால் பார்த்து வரச் சொல்லுங்கள். அங்கே எது கைகூடியது, எது கைகூடவில்லை என்று அவர்களிடமே கேட்டு வரட்டும்.

இவையெல்லாம் நடந்து முடிய ஆண்டுகள் ஆகும் என்பதை அறிவேன். அதுவரை காத்திருக்க வேண்டாம். எஸ்.பி.எம். முடித்துவிட்டு அறிவியலிலும் ஆங்கிலத்திலும் தேர்ச்சி போதாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு மாலை வகுப்பை வரும் ஆண்டிலேயே தொடங்கலாம். ஓய்வு பெற்ற மிஷன் பள்ளி ஆசிரியர்கள் பேராக் முழுவதும் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். உடலியல் பாடத்தையும் வார்டு ஆங்கிலத்தையும் நான் எடுக்கிறேன், ஊதியம் வேண்டாம். இடம் மட்டும் நீங்கள் கொடுங்கள்.

பேசுவதற்கு என்னை அழைத்தால் பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும் வருகிறேன். ஆனால் நீங்கள் இங்கே வருவதே நல்லது. சுங்கை சிப்புட் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஊரை நடந்தே பார்த்துவிடலாம், தோட்டங்களுக்கு நான் காரில் அழைத்துப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலாக இருக்கட்டும். அன்றுதான் ஆலைக்குப் போகும் தாய்மாரில் பலர் வீட்டில் இருப்பார்கள், அவர்களும் உங்களிடம் கேட்க நிறைய வைத்திருக்கிறார்கள்.

மிக்க மதிப்புடன்,
ஓய்வு பெற்ற தாதி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்